கடலடிச் சேற்றில் கரிம மாசுகள்: எந்த முறையில் அளப்பது?

கடலடி வண்டல் அடைத்து வந்த பாட்டிலைத் திறந்தால் முதலில் முகத்தில் அடிப்பது அழுகிய முட்டை வாடைதான். துறைமுகச் சேறு என்றால் கேட்கவே வேண்டாம். கன்னங்கரேல் என்று, களிம்பு போல வழுவழுவென்று இருக்கும். கையில் பட்டால் சோப்புப் போட்டுக் கழுவினாலும் வாடை சுலபத்தில் போகாது. இந்த வாடைக்கும் கருவி வாங்கும் முடிவுக்கும் நேரடித் தொடர்பு உண்டு. அதைப் பிறகு சொல்கிறேன்.

என்னிடம் யோசனை கேட்பவர்கள் பெரும்பாலும் கருவிப் பட்டியலோடுதான் வருவார்கள். இசிடி (ஜிசியின் பின்னால் மாட்டும், குளோரின் சேர்மங்களை நுட்பமாக உணரும் கருவி) போதுமா, ஜிசி-எம்எஸ் (ஜிசி ஆவியாக்கிப் பிரிக்கும், எம்எஸ் நிறையை வைத்து அடையாளம் காணும்) வாங்கலாமா, டிரிபிள் குவாட் (எம்எஸ்ஸின் இன்னும் நுட்பமான வகை) இல்லாமல் இந்தக் காலத்தில் தள்ள முடியுமா? நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: கிடைக்கும் முடிவை எந்த எண்ணோடு ஒப்பிடப் போகிறீர்கள்?

உதாரணத்துக்கு, 1995-இல் அமெரிக்காவில் எட்வர்ட் லாங்கும் அவருடைய சகாக்களும் வெளியிட்ட வழிகாட்டி அளவுகளை எடுத்துக்கொள்வோம். இன்றும் பல நாடுகளில் புழக்கத்தில் இருப்பவை அவை. எந்த அளவுக்குக் கீழே இருந்தால் உயிரினங்களுக்குப் பாதிப்பு அரிதாகவே தெரியும் என்று அவை சொல்கின்றன. ஒரு கிராம் உலர்ந்த வண்டலில் மொத்த பிஏஹெச்களுக்கு (எண்ணெயிலும் புகையிலும் இருக்கும் பல வளைய ஹைட்ரோகார்பன்கள்) அந்தக் கீழ் எல்லை 4022 நானோகிராம். மொத்த பிசிபிக்கு (குளோரின் ஏறிய தொழிற்சாலை எண்ணெய்கள்) 22.7. பூச்சிக்கொல்லியான டிடிடிக்கு மொத்தமாக வெறும் 1.58. ஒரே சேறுதான், ஆனால் முதல் எண்ணுக்கும் கடைசி எண்ணுக்கும் இடையே இரண்டாயிரம் மடங்குக்கு மேல் வித்தியாசம். பிஏஹெச்சை நன்றாக அளக்கும் ஏற்பாடு டிடிடி விஷயத்தில் கண்ணைக் கட்டிக்கொண்டு நிற்கலாம்.

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். மொத்த டிடிடி என்பது டிடிடி (DDT), அதன் சிதைபொருள்களான டிடிஇ (DDE), டிடிடீ (DDD) என மூன்று சேர்மங்கள், ஒவ்வொன்றுக்கும் இரண்டு வடிவங்கள், ஆக ஆறு பீக்குகளின் (கருவி வரையும் முகடுகளின்) கூட்டல். கூட்டல் 1.58-ஐத் தொடுகிறதா என்று பார்க்க வேண்டுமானால், தனித்தனியே ஒவ்வொன்றையும் கிராமுக்கு 0.1 நானோகிராம் அளவிலாவது நம்பிக்கையாகப் பார்க்க வேண்டும். பத்து கிராம் சேற்றை எடுத்து, அதிலிருந்து கரைப்பானில் இறக்கிய சாற்றை ஒரு மில்லிலிட்டராகச் சுருக்கி, அதில் ஒரு மைக்ரோலிட்டரைச் செலுத்தினால், கருவிக்குள் போவது ஒரு பிகோகிராம். சாதாரண ஒற்றைக் குவாட்ரபோல் எம்எஸ்ஸுக்கு, அதுவும் அழுக்கான சாற்றில், அது எல்லைக்கோடு. இசிடிக்குச் சர்வசாதாரணம். டிரிபிள் குவாடுக்கும் சிரமமில்லை. இதே கணக்கை ஒரு பிஏஹெச்சுக்கு, கிராமுக்கு 5 நானோகிராம் என்று வைத்துப் போட்டால் 50 பிகோகிராம் வருகிறது. ஒற்றைக் குவாடே தாராளம். கருவிப் பட்டியலைத் திறக்கும் முன் இந்தக் கணக்கை ஒரு தாளில் போட்டுவிட்டால் பாதி விவாதம் தானாக அடங்கிவிடும்.

சேற்றிலிருந்து கரைப்பானுக்கு

மாசுகளைச் சேற்றிலிருந்து கரைப்பானுக்கு இறக்க நான்கு வழிகளைப் பார்ப்போம். முதலாவது சாக்ஸ்லெட்: பாலில் உள்ள கொழுப்பை அளக்க 1879-இல் வந்த கண்ணாடிக் கருவி. இன்னும் ஓய்வு பெறவில்லை. கரைப்பான் கொதித்து, ஆவி மேலே போய்க் குளிர்ந்து, சேறு வைத்த காகிதக் குப்பிக்குள் சொட்டுச் சொட்டாக விழும். குழாய் நிரம்பியதும் ஒரே மூச்சில் கீழே வடியும். மணிக்கு நாலைந்து முறை இப்படி, 16 முதல் 24 மணி நேரம். ஒரு மாதிரிக்கு ஏறக்குறைய 300 மில்லிலிட்டர் கரைப்பான் பிடிக்கும். இரவெல்லாம் குளிர்நீர் ஓட வேண்டும். தண்ணீர் நின்றால் கரைப்பான் காலி, வேலையும் காலி. இவ்வளவு குறை இருந்தும், புதிதாக வரும் எந்த முறையையும் "சாக்ஸ்லெட்டுக்குச் சமமாக எடுக்கிறதா" என்றுதான் இன்றும் சோதிக்கிறார்கள். உடைந்தால் கண்ணாடி மட்டும்தான் உடையும் என்பது அதன் பெரிய பலம்.

அழுத்தக் கரைப்பான் முறையை ஆய்வகங்களில் ஏஎஸ்இ என்பார்கள். எஃகு உருளையில் சேற்றை அடைத்து, 100 டிகிரி சூட்டிலும் 1500 முதல் 2000 பிஎஸ்ஐ அழுத்தத்திலும் கரைப்பானைக் கொதிக்க விடாமல் திரவமாகவே உள்ளே தள்ளுவது. ஒரு மாதிரி கால் மணி, இருபது நிமிடத்தில் முடிந்துவிடும். கரைப்பானும் சில பத்து மில்லிலிட்டர்தான். வரிசையாக உருளைகளை ஏற்றிவிட்டு வேறு வேலையைப் பார்க்கலாம். ஆனால் கடல் களிமண் மாவு போல நுண்ணியது. சரியாக உலர்த்தி, டையட்டம் மண்ணோடு கலந்து அடைக்காவிட்டால் வடிகட்டித் தட்டு அடைத்துக்கொள்ளும், ஓ-ரிங் கசியும், அன்றைய பொழுது ஸ்பானரோடு கழியும். வாங்கும் விலையோடு உதிரிபாகங்களின் விலையையும் சேர்த்துக் கணக்கிடுங்கள்.

மைக்ரோவேவ் முறை இரண்டுக்கும் நடுவே நிற்கிறது. பத்து, இருபது நிமிடச் சூட்டில் ஒரே நேரத்தில் நிறைய மாதிரிகள் வெந்துவிடும். ஹெக்சேன் தனியாக மைக்ரோவேவை உறிஞ்சாது என்பதால் அசிட்டோனோடு பாதிக்குப் பாதி கலப்பார்கள். ஆறவைப்பதும் வடிகட்டுவதும் நம் தலையில். ஆனாலும் பராமரிப்பு குறைவு. எனக்குப் பிடித்த முறை இதுதான்.

அல்ட்ராசானிக் முறையைப் பற்றி ஓர் எச்சரிக்கை. கண்ணாடி கழுவும் அல்ட்ராசானிக் தொட்டியில் பாட்டிலை மிதக்கவிட்டு "பிரித்தெடுத்தோம்" என்று அறிக்கை எழுதுகிறவர்கள் உண்டு. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையான இபிஏ-வின் 3550 முறை கேட்பது சேற்றுக்குள் நேரடியாக இறங்கும் கம்பி முனை. தொட்டியில் கிடைக்கும் சக்தி அதற்கு ஈடாகாது. அவசரமாக மோட்டா அளவு தெரிந்தால் போதும் என்றால் சரி. நுண்ணிய முடிவுக்கு அதை நம்ப மாட்டேன்.

இந்த நான்கில் எதை எடுத்தாலும் பொதுவாக ஒரு பொறி காத்திருக்கிறது. ரெகவரி (எவ்வளவு திரும்பி வருகிறது) பார்ப்பதற்காக, பிரித்தெடுக்கும் முன் சேற்றின் மேல் டியூட்டீரியம் ஏற்றிய பிஏஹெச்களைச் சேர்ப்பது வழக்கம். இவற்றைச் சரோகேட் என்பார்கள். 95 சதவீதம் திரும்பி வந்துவிட்டால் எல்லோருக்கும் சந்தோஷம். ஆனால் சட்டையின் மேல் விழுந்த தூசி ஒரு தட்டில் போய்விடும், நூலுக்குள் ஊறிய சாயக்கறை போகாது. நேற்று சேர்த்த சரோகேட் தூசி. பல ஆண்டுகளாகக் கரித்துகளுக்குள் இறங்கிப்போன பிஏஹெச் சாயக்கறை. புகைக்கரி அதிகமுள்ள சேற்றில் சரோகேட் முழுதாக வந்தும் உண்மையான பிஏஹெச்சில் ஒரு பகுதி உள்ளேயே தங்கிவிடலாம். இதைக் காட்டிக்கொடுப்பது இயற்கையாகவே மாசுபட்ட, சான்றளிக்கப்பட்ட வண்டல் மாதிரி மட்டுமே. அமெரிக்க என்ஐஎஸ்டி தந்த எஸ்ஆர்எம் 1941பி இந்த வேலைக்குப் பெயர் போனது. சான்று மாதிரியின் விலையைப் பார்த்து மலைப்பவர்கள், அது இல்லாமல் எடுத்த நூறு முடிவுகளின் விலையையும் ஒருமுறை யோசிக்கலாம்.

உலர்த்துவதைப் பற்றிச் சுருக்கமாக: உறைய வைத்து உலர்த்தினால் சேறு அழகான பொடியாகும், ஆனால் நாப்தலீன் போன்ற லேசானவை கொஞ்சம் பறந்துவிடும். ஈரத்தோடு சோடியம் சல்ஃபேட் கலந்து அரைத்தால் அவை தங்கும், அரைப்பவரின் கைதான் வலிக்கும். எண்ணெய்க் கசிவு விசாரணை என்றால் இரண்டாவது.

கந்தகம், அமிலம், காரம்

இப்போது அந்த வாடைக்கு வருகிறேன். ஆக்சிஜன் இல்லாத சேற்றில் பாக்டீரியாக்கள் சல்ஃபேட்டை ஹைட்ரஜன் சல்ஃபைடாக மாற்றும். அதில் ஒரு பகுதி தனிமக் கந்தகமாகச் சேற்றிலேயே தங்கும். அது நம் கரைப்பானில் ஜோராகக் கரையும்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் இசிடி திரையில் ஒரு மலையைப் பார்த்தேன். தனித்தனிப் பீக்குகள் எதுவும் இல்லை, கோடு நேராக உச்சிக்குப் போய் வெகுநேரம் அங்கேயே நின்றது. பெரிய பிசிபி மாசைக் கண்டுபிடித்துவிட்டதாக நினைத்து மூத்தவரை அழைத்து வந்து காட்டினேன். அவர் திரையைப் பார்க்கவே இல்லை. "செம்பு போட்டீங்களா தம்பி?" என்றார். இல்லை என்றதும், அமிலத்தில் கழுவிப் பளபளவென்று வைத்திருந்த ஒரு துண்டு செம்புக் கம்பியைச் சாற்றுக் குப்பிக்குள் போட்டார். நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கம்பி கருத்தது. இன்னொன்று போட்டார், அதுவும் கருத்தது. நான்காவது கம்பி பளபளப்பு மாறாமல் கிடந்தது. "இப்ப போட்டுப் பாருங்க." மலை போய்விட்டது. அதன் அடியில் ஒளிந்திருந்த பிசிபி பீக்குகள் குன்று அளவுகூட இல்லை.

ஆகவே சேற்றை நம்பி இசிடி வாங்குகிறவர் செம்பையும் சேர்த்து வாங்குகிறார் என்று அர்த்தம். எம்எஸ்ஸிலும் கந்தகம் தொல்லைதான், அயன் மூலத்தை அழுக்காக்கும், நடுவில் பெரிய திட்டாக வரும். ஆனால் இசிடி அளவுக்குக் குருடாகிவிடாது. செம்புக்கும் ஒரு குணம் உண்டு: ஆர்கனோபாஸ்பரஸ் பூச்சிமருந்துகளைக் கொஞ்சம் சிதைத்துவிடும். அவையும் பட்டியலில் இருந்தால் டெட்ராபியூட்டைல் அமோனியம் சல்ஃபைட் வழிக்குப் போக வேண்டும்.

அடர் கந்தக அமிலத்தோடு குலுக்கிக் கழுவுவது பிசிபிக்கு அருமையான சுத்தம். நிறமிகள், கொழுப்பு எல்லாம் அமிலத்தோடு போய், மேலே ஹெக்சேன் தண்ணீர் போலத் தெளியும். பிசிபி, பூச்சிமருந்தான ஹெச்சிஹெச், டிடிடி குடும்பம் அசையாமல் நிற்கும். ஆனால் டீல்ட்ரின், எண்ட்ரின், எண்டோசல்ஃபான் போன்ற பூச்சிமருந்துகள் அழிந்துவிடும், பிஏஹெச்களும் போய்விடும். காரத்தில் கொதிக்க வைத்தால் பிஏஹெச்கள் தப்பிக்கும், அங்கே டிடிடி ஹைட்ரஜனையும் குளோரினையும் இழந்து டிடிஇ ஆகிவிடும். ஒரே சாற்றில் எல்லாவற்றையும் அளக்க வேண்டும் என்றால் இந்த இரண்டுமே கூடாது. சிலிக்கா, அலுமினா நிரப்பிய குழாயில் பகுதி பகுதியாகப் பிரிப்பதோ, மூலக்கூறின் பருமனை வைத்துப் பிரிக்கும் ஜிபிசியோதான் வழி. பிசிபி மட்டும் என்றால் அமிலத்தைப் போல மலிவாக வேறில்லை. எல்லாமே வேண்டும் என்றால், சாற்றை இரண்டாகப் பங்கிட்டு ஒரு பங்கை மட்டும் அமிலத்துக்கு அனுப்புவது என் வழக்கம்.

டிடிடி விஷயத்தில் இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சேற்றில் டிடிஇயும் டிடிடீயும் அதிகம், டிடிடி குறைவு என்றால் பழைய மாசு என்றும், டிடிடியே அதிகம் என்றால் புதிதாக யாரோ கலந்திருக்கிறார்கள் என்றும் படிப்பது வழக்கம். ஜிசியில் ஊசி இறங்கும் இடத்தில் உள்ள கண்ணாடி லைனர் அழுக்கானால், அந்தச் சூட்டிலேயே டிடிடி சிதைந்து டிடிஇயாகவும் டிடிடீயாகவும் மாறும். அதாவது கழுவாத லைனர் ஒன்று, நேற்றுக் கொட்டிய டிடிடியை இருபது வருடப் பழசு என்று சாட்சி சொல்லிவிடும். சிதைவு 15 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது இபிஏ விதி. சேற்றுச் சாறு ஓடும் கருவியில் இதைத் தினமும் பார்க்க வேண்டும். பின்னால் இருப்பது இசிடியா டிரிபிள் குவாடா என்பது இங்கே ஒரு பொருட்டே இல்லை, கோளாறு இரண்டுக்கும் முன்னாலேயே நடந்துவிடுகிறது.

கண்டறியும் கருவி

இசிடியை ஜேம்ஸ் லவ்லாக் 1957-இல் உருவாக்கினார். எலெக்ட்ரானைப் பிடிக்கும் எதையும் அசாத்தியமாக உணரும், விலையும் எம்எஸ்ஸைவிட மிகக் குறைவு. பலவீனம், வந்திருப்பது யார் என்று அதற்குத் தெரியாது. இந்த நிமிடத்தில் வந்தால் இன்னார் என்று நேரத்தை வைத்துத்தான் சொல்ல முடியும். அதனால் வெவ்வேறு தன்மை கொண்ட இரண்டு கேபிலரிக் குழாய்களில் ஓட்டி, இரண்டிலும் ஒரே பதில் வருகிறதா என்று பார்ப்பார்கள். உள்ளே நிக்கல்-63 கதிரியக்க மூலம் இருப்பதால் அனுமதி, பதிவேடு என்று காகித வேலையும் உண்டு. டைகுளோரோமீத்தேன் துளி மிச்சம் இருந்தாலும் அது திணறிவிடும், சாற்றை முழுக்க ஹெக்சேனுக்கு மாற்றியாக வேண்டும். பிஏஹெச்சுக்கு உதவாது.

ஜிசி-எம்எஸ் ஆளை அடையாளம் சொல்லும். குறிப்பிட்ட அயன்களை மட்டும் பார்க்கும் சிம் முறையில் பிஏஹெச்சுக்கு இதுவே போதும். ஆனால் எம்எஸ் வந்துவிட்டால் எல்லாம் பிரிந்துவிடும் என்பது மாயை. பிசிபி குடும்பத்தில் எண் 28-உம் 31-உம் சாதாரணமாகப் பயன்படும் 5 சதவீத ஃபினைல் குழாயில் ஒட்டிக்கொண்டே வரும், 138-உம் 163-உம் அப்படியே. முதல் ஜோடிக்கு மூன்று குளோரின், இரண்டாம் ஜோடிக்கு ஆறு. ஜோடிக்குள் நிறை ஒன்றேதான். எம்எஸ் என்ன செய்யும்? கிரைசீன், டிரைஃபினைலீன் கதையும் இதே. டிரிபிள் குவாட் வாங்கினாலும் இந்த இடத்தில் மாற்றம் வராது. குழாயை மாற்றினால்தான் வரும், குழாயோ கருவியின் விலையில் சிறு துளி.

டிரிபிள் குவாடின் உண்மையான பலன் அழுக்குச் சாற்றில் தெரியும். முதல் அயனை உடைத்து அதன் துண்டையும் பார்ப்பதால் பின்னணி இரைச்சல் அடங்கிவிடும், அந்த ஒரு பிகோகிராம் மேலே துருத்திக்கொண்டு நிற்கும். சுத்தம் செய்யும் படிகளில் ஒன்றைக் குறைக்கவும் இடம் கொடுக்கும். அந்தச் சலுகையை அளவுக்கு மீறி எடுத்துக்கொண்டவர்கள் வாரா வாரம் அயன் மூலத்தைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

பிஏஹெச்சுக்கு மட்டும், திரவத்தில் ஓட்டிப் பிரிக்கும் ஹெச்பிஎல்சி ஒளிர்வு முறை நல்ல மாற்று. பென்சோ-பி, பென்சோ-கே ஃபுளூராந்தீன்களை ஜிசியைவிடத் தெளிவாகப் பிரிக்கும். ஜிசிக்கு வேண்டிய ஹீலியம் இதற்கு வேண்டாம். அசினாப்தைலீன் ஒளிராது என்பதால் அதற்கு மட்டும் புறஊதா உறிஞ்சல் தேவை. ஆனால் எண்ணெய் எங்கிருந்து வந்தது என்ற கேள்வி வந்தால் இது கைவிட்டுவிடும். எரிந்ததிலிருந்து வந்த பிஏஹெச்சில் வெறும் வளையங்கள் மேலோங்கும், பெட்ரோலிய எண்ணெயில் மீத்தைல், எத்தில் வால் முளைத்தவை மேலோங்கும். அந்த வால்களை எண்ண ஜிசி-எம்எஸ் வேண்டும். வழக்கமாக அளக்கும் 16 பிஏஹெச்களின் பட்டியலை மட்டும் அளந்துவிட்டு எண்ணெய்க் கசிவைப் பற்றித் தீர்ப்புச் சொல்பவர்கள் பாதிச் சாட்சிகளை விசாரிக்கவே இல்லை. இன்னொரு எச்சரிக்கை: பெரிலீன் என்ற பிஏஹெச் ஆக்சிஜனற்ற சேற்றில் இயற்கையாகவே உருவாகும். அதையும் மாசுக் கணக்கில் கூட்டிவிடாதீர்கள்.

சாற்றை 310 நானோமீட்டர் ஒளியில் தூண்டி 360-இல் ஒளிர்வைப் பார்த்து, கிரைசீனுக்குச் சமமான அளவாகச் சொல்லும் பழைய முறையை இப்போது யாரும் மதிப்பதில்லை. எனக்கு அதன்மேல் மரியாதை உண்டு. எந்தச் சேர்மம் என்று சொல்லாது, உண்மைதான். ஆனால் நூறு இடங்களில் அள்ளிய சேற்றில் எந்த இருபதை ஜிசி-எம்எஸ்ஸுக்கு அனுப்புவது என்பதை ஒரே நாளில் சொல்லிவிடும்.

டயாக்சின்? வெளியே அனுப்பிவிடுங்கள். 10,000 பிரிதிறன் கொண்ட எம்எஸ், பதினேழு சேர்மங்களுக்கும் கார்பன்-13 அடையாளமிட்ட கூட்டாளிகள், தனி அறை என்று அது வேறு உலகம். ஃபுளூரின் ஏறிய பிஎஃப்ஏஎஸ் குடும்பத்துக்கு ஜிசியே பொருந்தாது, திரவத்தில் பிரிக்கும் எல்சி-எம்எஸ்எம்எஸ் வேண்டும். 40 சேர்மங்களுக்கான இபிஏ 1633 முறை 2024 ஜனவரியில் இறுதி வடிவம் பெற்றது.

சரி, யாருக்கு எது?

வாரத்துக்குப் பத்து மாதிரிகூட வராத சிறு ஆய்வகம், கரையிலிருந்து தள்ளிய சுத்தமான கடலில் பிசிபி, டிடிடி தேடுகிறது என்றால்: சாக்ஸ்லெட்டும் டிரிபிள் குவாடும். நேரம் இருக்கிறது, உணர்திறன்தான் தேவை. பிரித்தெடுக்கும் கருவிக்குச் செலவழிக்காமல் மிச்சம் பிடித்ததைக் கண்டறியும் கருவியில் போடலாம். டிரிபிள் குவாடுக்குக் கை எட்டாவிட்டால் இரட்டைக் குழாய் இசிடி, கூடவே செம்பு, பொறுமை.

துறைமுகத்தில் தூர்வாரும் வேலை, மாதிரிகள் குவிகின்றன, அளவுகளும் அதிகம் என்றால் தலைகீழ்: மைக்ரோவேவ் அல்லது ஏஎஸ்இ, பின்னால் ஒற்றைக் குவாட். இங்கே இடறுவது பிரித்தெடுக்கும் மேசை, கருவி அல்ல. தூர்வாரும் கப்பல் காத்திருக்கும்போது 24 மணி நேரச் சாக்ஸ்லெட்டைப் பற்றி யாரிடமும் பேச முடியாது.

பல ஆண்டுகளாக ஒரே முறையில் அளந்துவரும் கண்காணிப்புத் திட்டம் என்றால் என் பதில் பலருக்குப் பிடிக்காது: மாற்றாதீர்கள். மாற்றியே தீர வேண்டும் என்றால், உறையவைத்துச் சேமித்த பழைய சேற்றை இரண்டு முறையிலும் அளந்து, புது எண்ணுக்கும் பழைய எண்ணுக்கும் உள்ள உறவை முதலில் நிறுவுங்கள். இல்லாவிட்டால் கருவி மாறிய ஆண்டில் கடல் திடீரென்று சுத்தமானது போலவோ கெட்டுப்போனது போலவோ வரைபடத்தில் ஒரு படி விழும். அப்புறம் அதை விளக்கவே ஓர் அறிக்கை எழுத வேண்டிவரும்.

எந்த வழியில் போனாலும் இருபது மாதிரிக்கு ஒரு பிளாங்க் (சேறு இல்லாத வெற்று ஓட்டம்), ஒரு சான்று மாதிரி, ஓர் இரட்டை (அதே மாதிரி இரண்டாம் முறை). கண்டறியும் எல்லையைக் கருவி விற்பவரின் தாளிலிருந்து எடுக்காதீர்கள். குறைந்த அளவில் மாசு சேர்த்த சேற்றையே ஏழு முறை முதலிலிருந்து கடைசிவரை செய்து, வரும் திட்ட விலக்கத்தை 3.143-ஆல் பெருக்குங்கள். அந்த எண் விளம்பரத் தாளில் இருப்பதைவிடப் பெரிதாகத்தான் வரும். கரிமக் கார்பனும் 63 மைக்ரானுக்குக் குறைந்த துகளின் விகிதமும் அறிக்கையில் இருக்கட்டும். மணலையும் களியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட இவை இல்லாமல் முடியாது.

விற்பவர் செயல்விளக்கம் காட்ட அழைத்தால், அவர் தரும் சுத்தமான கரைசலை ஓட்ட விடாதீர்கள். உங்கள் சேற்றிலேயே நாற்றம் அதிகமான பாட்டிலைத் தேர்ந்தெடுத்து, அதன் சாற்றைச் செம்பு போட்டும் போடாமலும் இரண்டு குப்பிகளில் எடுத்துப்போங்கள். இரண்டையும் இருபது முறை மாறி மாறிச் செலுத்தச் சொல்லி, இருபதாவது ஓட்டத்தில் டிடிடி பீக் முதல் ஓட்டத்தில் இருந்த அளவில் நிற்கிறதா என்று பாருங்கள். பாட்டிலில் மீதமுள்ள சேற்றைக் கண்ணாடியிலேயே, மூடிக்கு அடியில் கரைப்பானில் கழுவிய அலுமினியத் தாள் வைத்து, மைனஸ் 20-இல் போட்டுவையுங்கள். அடுத்த விற்பனையாளர் வரும்போது அதே சேறு வேண்டும்.